மூன்றரை அறை

விளம்பரத்தில் மூன்றரை அறை என்று போட்டிருந்தது.
இருபத்திரண்டு வருடம் சுவிஸில் இருந்தும்
அரை அறை என்றால் என்னவென்று
நான் யாரையும் கேட்டதில்லை.

ஓபர்பூர்க்கில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மூன்றாம் மாடி.
அளவுநாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்துவிட்டு
மறுமுனையோடு குகநேசன் போய்க்கொண்டே இருந்தார்.
குசினி முடிந்து மேசை போடுகிற இடத்தில்
தரை கொஞ்சம் அகன்று கிடந்தது.
அதுதான் அந்த அரை என்றாள் வீடு காட்டியவள்.
சுவரில்லை, கதவில்லை,
விலை மட்டும் உண்டு.

இரவு, கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் அவர் கணக்குப் போட்டார்.
ஐந்நூற்று எண்பதாயிரம்.
அதில் ஐந்தில் ஒன்று எங்களுடையது,
மிச்சம் வங்கியுடையது, எங்கள் பெயரில்.
பென்சன் காசை எடுத்தால் ஐம்பத்துநான்கு.
சேமிப்பு நாற்பது.
குறைவது இருபத்திரண்டு.
அதைச் சுற்றி வட்டம் போட்டார்,
போட்ட வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம்.
"வயசுபோன காலத்தில ஆருக்கும் வாடகை குடுக்கத் தேவையில்லை" என்றார்.
"சுவரைக் கடிச்சுச் சாப்பிட ஏலாது" என்றேன்.
அவருக்குக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பூர்க்டோர்ஃபில் நொத்தாரிசு வீட்டுக்காரி,
ஃப்ராவ் ஏஷ்லிமன்,
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:
கணவர் பென்சன் காசை எடுப்பதென்றால்
மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும். சட்டம்.
தாளை என் பக்கம் திருப்பினாள்.

அவருடைய தம்பி கனடாவுக்குப் போன வருடம்
பதினெட்டாயிரம் பிராங் கடன் எடுத்தபோது
இப்படி ஒரு தாள் என் பக்கம் திரும்பவில்லை.
வங்கிக் கடிதம் வந்துதான் எனக்குத் தெரியும்.
ஐந்து வருடம் கட்டினோம்.
நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தூக்கித் தூக்கிக் கட்டினேன்.
அதைப் பற்றி நாங்கள் சண்டை பிடிக்கவில்லை.
பிடித்திருக்கலாம்.

பேனையை மூடி வைத்தேன்.
வெள்ளிக்கிழமை வாறம் என்று சொல்லச் சொன்னேன்.
என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரிந்தவர்
அதைச் சொல்வதற்கு மூன்று முறை தடுமாறினார்.

எம்மே ஆற்றோரம் நடந்து வந்தோம். பேச்சில்லை.
ஆற்றில் தண்ணீர் குறைவு, கல்லெல்லாம் வெளியே.
பால் வாங்க மறந்துபோனோம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்:
"என்னட்டச் சீட்டுக்காசு இருக்கு. இருபதாயிரம்.
மாசியில எடுத்தனான்."
ஒரு சப்பாத்துக் கையில், மற்றது காலில்,
அப்படியே நின்றார்.
"எப்ப துவங்கின்னீர்?"
வருடத்தைச் சொன்னேன்.
அவருக்கு அந்த வருடம் தெரியும்.

நிறைய நேரம் கழித்து,
"அப்ப இன்னும் இரண்டாயிரம்தான் குறையுது" என்றார்.
எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும்.
சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.
அவரும் சிரித்தார், கொஞ்சம் பயந்து.
அறையைவிட்டு வந்து எட்டிப் பார்த்த மகள்
ஆருக்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.
ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை, போய்ப் படி என்றோம்,
இரண்டுபேரும் ஒரே நேரத்தில்.

பிறகு அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு வந்து
அதே சிட்டையை மேசையில் விரித்தார்.
"உமக்கு விருப்பமில்லையெண்டால் விடுவம்."
விருப்பமில்லை என்று நான் எப்போது சொன்னேன்?
என்னிடம் கேட்கவில்லை என்றுதானே.

பேனையை வாங்கினேன்.
வட்டி ஏறினால், என்று எழுதினேன்.
மகள் படிக்க வேறு ஊருக்குப் போனால், என்று எழுதினேன்.
இடமில்லாமல் ஓரத்தில்
என் முதுகு, என்று எழுதினேன்.

அவர் சிட்டையைத் தன் பக்கம் இழுத்து
ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எண் போட்டுக்கொண்டு வந்தார்.
கடைசி வரியில் பேனை நின்றது.
குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"இதுக்கு எவ்வளவு எண்டு போடுறது?"

வெள்ளிக்கிழமைவரை யோசியுங்கோ என்றேன்.